பூமியில் படாத தரை

மேடம் காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தன் ஆராய்ச்சியில் தானே திருட்டுத்தனம் செய்து பார்ப்பார். சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார். கதவிடுக்கில் கைக்கண்ணாடியை நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். காற்று வரும் குழாயில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். ஒரு நாள் பக்கத்து அறையில் கடிகாரத்தை அலறவிட்டு, அதன் ஓசை எங்கிருந்தாவது ஒழுகுகிறதா என்று நாற்காலிக்கு அடியில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டவந்த பெண்மணி, மயக்கம்தான் என்று முடிவுகட்டி, வாளித் தண்ணீரை முகத்தில் விசிறிவிட்டாள். மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "இன்னிக்கும் ஏமாத்த முடியல," என்றார், பரம சந்தோஷத்துடன்.

இயற்பியல் பேராசிரியை அவர். இளம் வயதில் காந்தங்களை அளந்து நல்ல பெயர் வாங்கியவர். இப்போது அளப்பது வேறு. பஸ்ஸில், வங்கி வரிசையில், நூலகத்தில், பின்னாலிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறதே, அது. பிடரி குறுகுறுக்கும், திரும்பினால் நிஜமாகவே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். அது வெறும் தற்செயலா, இல்லை மனசுக்குக் கண், காது என்ற வாசல்களைத் தவிர யாருக்கும் தெரியாத சந்து ஏதாவது இருக்கிறதா? "காந்தமும்தான் கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்கலையா? இதையும் அளந்து பார்த்தா என்ன குடியா முழுகிடும்?" என்று ஒரு முறை துறைக் கூட்டத்தில் கேட்டுவைத்தார். குடி முழுகவில்லை. பதவி உயர்வு மட்டும் முழுகியது.

உயரமான, ஒல்லியான உருவம். கிராப்பு வெட்டிய நரைத்த தலை. கோட்டுப் பையில் சாக்பீஸ், நூல்கண்டு, மட்டம் பார்க்கும் குழாய், பாதி தின்ற பிஸ்கெட். கருவிகளை ஒருமையில்தான் அழைப்பார். "நேத்து நல்லாத்தானே இருந்தே, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?" என்று மின்மானியைக் கேட்பார். சோதனை தோற்றால் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நடப்பார். ஜெயித்தால் முகம் சுருங்கிவிடும். "எங்கேயோ ஓட்டை இருக்கு" என்று நகத்தைக் கடிக்கத் தொடங்குவார். மாணவர்கள் இதை வைத்துத்தான் அன்றைய முடிவைத் தெரிந்துகொள்வார்கள்.

அவர்கள் வைத்த பெயர் 'ஆவி மேடம்'. அது அவருக்கும் தெரியும். தொலைபேசியில் தயங்குகிறவர்களிடம் அவரே எடுத்துக்கொடுப்பார்: "ஆமாங்க, ஆவி மேடம்தான் பேசறேன். தைரியமா சொல்லுங்க." பேய் இருக்கிறதா இல்லையா என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான். "நம்பறதுக்கோ நம்பாம இருக்கறதுக்கோ எனக்கு யாரும் சம்பளம் தரல. பார்க்கறதுக்குத்தான் தர்றாங்க."

அப்படி ஒரு முறை இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். சுவரில் மாட்டியிருக்கும் பழைய வயலின் மத்தியான வேளையில் தானாக முனகுகிறதாம். அதை வாசித்தவர் இப்போது உயிரோடு இல்லையாம். மேடம் போனார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். வயலின் முனகியது. மேடத்தின் கைமயிர் குத்திட்டு நின்றது. அதை அவர் மறைக்கவில்லை. பிறகு எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய், அங்கே குளிர்பானம் வைத்திருந்த பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். முனகல் நின்றது. பெட்டி உறுமும் சுருதியும் வயலினின் ஒரு தந்தியும் ஒத்துப்போயிருந்தன, அவ்வளவுதான். கடைக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

"சொல்லாம இருந்திருக்கலாமே, மேடம்."

"கூப்பிடாம இருந்திருக்கலாமே, சார்."

திரும்பும் வழியில் மேடத்தின் முகமும் அப்படித்தான் தொங்கியது. இதற்கென்றே அவர் கணவர் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார். அவர் பல் டாக்டர். மனைவி பேயைத் தேடிப்போய் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். "தொழிலுக்கு விரோதமான காரியம் இது. உன் பேய்ங்க ஒழுங்கா இருந்திருந்தா உன் பல்லு இன்னும் ஒழுங்கா இருந்திருக்கும்," என்பார். இதுவரை ஒரு பேயும் அகப்படவில்லை. அந்த ஊரின் எல்லா ஐஸ்கிரீம் கடைக்காரர்களும் மேடத்துக்குப் பழக்கம்.

ஆய்வுக்கூடம் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். முன்னொரு காலத்தில் யாரோ மிக நுட்பமான எடைச் சோதனைக்காக அங்கே ஒரு பெரிய கான்கிரீட் பாளத்தை வார்த்து, தடித்த ஸ்பிரிங்குகளின் மேல் உட்காரவைத்திருந்தார்கள். தெருவில் லாரி போனாலும், மாடியில் மேசையை இழுத்தாலும் பாளம் அசையாது. மேடத்துக்கு அதைப் பார்த்ததும் காதல் வந்துவிட்டது. அதன் மேல் அக்கம்பக்கமாக இரண்டு சின்ன அறைகள் கட்டினார். இரண்டுக்கும் நடுவே தலையணை மாதிரி தடித்த சுவர். ஒலி புகாமல் பஞ்சு, வானொலி அலை புகாமல் தாமிர வலை, தனித்தனி மின்கம்பி, தனித்தனிக் காற்று. வருகிறவர்களிடம் குதிகாலால் தட்டிக் காட்டுவார். "பார்த்துக்கோங்க. இந்தத் தரை பூமியில படல."

ஓர் அறையில் சோதனைக்கு வந்தவர், காமிராவுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். காலணி கிறீச்சிட்டுக் காரியத்தைக் கெடுக்கும் என்பதால் வெறுங்கால். இன்னோர் அறையில் திரைக்கு முன் மேடம். மணி ஒலித்ததும் ஓர் இயந்திரம் பூவா தலையா போட்டுப் பார்க்கும். பூ விழுந்தால் திரையில் அந்த முதுகு தெரியும். மேடம் அதை உற்றுப் பார்ப்பார். தலை விழுந்தால் திரை இருட்டாகவே இருக்கும். மேடம் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தன்னை யாரோ பார்ப்பதாகத் தோன்றினால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். வெறும் ஊகம் என்றால் பாதிக்குப் பாதிதான் சரியாக வரும். வருடக்கணக்காக எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலேயே வந்துகொண்டிருந்தது. மேடம் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

நாத்தனார் வந்து உட்கார்ந்த பிறகு கடிக்க நகம் மிஞ்சவில்லை.

பல் டாக்டரின் தங்கை அவள். தையல்கடை வைத்திருப்பவள். அண்ணியின் ஆராய்ச்சியை அதுவரை காலங்காலமாகக் கேலி செய்துவந்தாள். "என் முதுகைப் பார்க்க ஒரு மிஷினா, அண்ணி? கடைக்கு வாங்க, சும்மாவே காட்டறேன்." ஆள் வராத ஒரு நாளில், போனால் போகிறது என்று உட்கார்ந்தாள். பத்துக்கு எட்டு சரி. மறுநாளும் அப்படியே. மாதக்கணக்கில் அப்படியே. அவள் நடையே மாறிவிட்டது. கடையில் அளவு கொடுக்க வந்தவர்களிடம், "என் பின்னாடி நின்னு முறைக்காதீங்க, எனக்குத் தெரியும்," என்று சொல்ல ஆரம்பித்தாள். தைத்துக் கொடுக்கத் தாமதமானாலும் யாரும் சத்தம் போடுவதில்லை. அவளிடம் ஏதோ இருக்கிறது என்று தெருவே பேசிக்கொண்டது.

மேடம் கட்டுரை எழுதினார். நல்ல ஆய்விதழ் ஒன்று, சின்னச் சின்னத் திருத்தங்களோடு வெளியிட ஒப்புக்கொண்டது. அதில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் துறைத்தலைவர் தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார். அவருடைய புதிய லேசர் மேசைக்கும் அசையாத தரை வேண்டும். கட்டடத்திலேயே அப்படி இருப்பது அந்தப் பாளம் ஒன்றுதான். "உங்க கட்டுரை வந்துடுச்சுன்னா ரூம் உங்களுக்கு, மேடம். வரலைன்னா கோவிச்சுக்காதீங்க. இனிமே நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது." மேடத்துக்கு ஓய்வு வர இன்னும் கொஞ்ச காலம்தான். வேறு அறை கிடைக்காது. கட்டுரை நின்றால் கண்ணுக்குத் தெரியாததைத் தேடிய இத்தனை வருடமும் ஒரு கிறுக்குப் பெண்மணியின் பொழுதுபோக்கு என்றாகிவிடும்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் படியில் கால் பிசகிக் கணுக்காலை வீங்கவைத்துக்கொண்டாள். வராமல் இருந்திருக்கலாம். புகழ் விடவில்லை. நொண்டிக்கொண்டே வந்தாள். காலைத் தொங்கவிட்டால் வலிக்கிறது என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அன்று பத்துக்கு ஐந்து. பூவா தலையாதான்.

"வலியில மனசு நிக்கலை, அண்ணி," என்றாள்.

யாரும் அதைத்தான் சொல்வார்கள். மேடமும் சரி என்றுதான் தலையாட்டினார். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். படிக்கட்டில் பாதியில் நின்றார். வலி வந்தால் மனசு நிற்காது. சரி. ஆனால் அன்று மாறியது வலி மட்டுமா?

வீக்கம் வடிந்ததும் நாத்தனாரை மறுபடி வரவழைத்தார். வலி துளியும் இல்லை. "சம்மணம் போட்டுக்கோ." ஐந்து. "இப்போ காலைக் கீழே வை." எட்டு. "தூக்கு." நான்கு. "கீழே." ஒன்பது.

"என்ன அண்ணி இது, பள்ளிக்கூடத்துல உட்கார் எழுந்திருங்கற மாதிரி?"

மேடம் தன் காலைப் பார்த்தார். குதிகால் வலிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த, நுரை வைத்த தடித்த காலணி. தினமும் காலையில் காதாலும் கண்ணாலும் மூக்காலும் ஏமாற்றிப் பார்த்தவர், ஒரு நாளும் அதைக் கழற்றவில்லை. இப்போது கழற்றினார். சோதனைக்கு வருகிறவர்களின் இடத்தில், வெறும் பாதத்தைத் தரையில் வைத்து நின்றார். பக்கத்து அறையில், தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் நாத்தனாரை உட்காரச் சொல்லி, இஷ்டப்படி முன்னால் குனிந்து குனிந்து நிமிரச் சொன்னார்.

உள்ளங்காலில் எறும்பு மூச்சு விட்டது போல் இருந்தது.

உலகத்தையெல்லாம் வெளியே நிறுத்தத்தான் அந்தப் பாளம். நிறுத்தவும் நிறுத்தியது. ஆனால் இரண்டு அறையும் அந்த ஒரே பாளத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. திரையில் முதுகு தெரிந்ததும் மேடம் ஆவலில் முன்னால் சாய்வார். சாய்ந்ததும் பாளம் ஒரு மயிரிழை ஆடும். நாற்காலியின் மெத்தை அதை விழுங்கிவிடும். வெறும் பாதம் விழுங்காது. படகின் ஒரு முனையில் ஆள் எழுந்தால் மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரிவது போலத்தான். வாழ்நாள் முழுவதும் தையல் இயந்திரத்தை மிதித்த கால் என்பதால் நாத்தனாருக்குக் கூடுதலாகவே தெரிந்தது.

மேடம் சொன்னதைக் கேட்டு நாத்தனார் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அப்போ எனக்குச் சக்தி இல்லையா, அண்ணி?"

"இருக்கு. உன் காலுக்கு."

"காலுக்குச் சக்தின்னு கடையில போய் எப்படி அண்ணி சொல்றது? மானம் போயிடும்." கண் கலங்கியும் சிரித்தும் எழுந்தாள். "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. நீங்களும் என் கடைப்பக்கம் வந்து சொல்லாதீங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் மேடம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தார். பல் டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"இதை யாராவது கண்டுபிடிப்பாங்களா?"

"எனக்கே இத்தனை வருஷமாச்சு. கண்டுபிடிக்க மாட்டாங்க."

"கட்டுரை வந்துடும்?"

"வந்துடும். ரூமும் இருக்கும்."

"அப்போ நீ சொல்லலைன்னா?"

"சொத்தைப் பல்லுன்னு தெரிஞ்சப்பறம் மேல வெள்ளையைப் பூசி அனுப்பிடுவீங்களா?"

"ஒரு தடவை பூசியிருக்கேன்," என்றார் பல் டாக்டர். "மறுநாள் கல்யாணப் பொண்ணு."

மேடம் சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு எழுந்துபோய், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினார்.

செய்தி கேட்ட துறைத்தலைவர் மறுநாள் மத்தியானம் அளவு நாடாவோடு அடித்தளத்துக்கு வந்தார். லேசர் மேசை எப்படி நுழையும் என்று பார்க்கத்தான். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை. மேடமோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"வாங்க சார். மேசையை அப்புறம் போடலாம். முதல்ல ஓட்டையைப் பாருங்க. அவ்வளவு அழகான ஓட்டை. சொக்கிப்போயிடுவீங்க. ஷூவைக் கழற்றுங்க."

"எதுக்கு மேடம் இதெல்லாம்? எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு தெரியாதா?"

"நம்பிக்கை வாசல்லயே இருக்கட்டும். நீங்க மட்டும் உள்ளே வாங்க."

துறைத்தலைவர் காலணியைக் கழற்றி, காலுறையையும் உருவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் அடுத்த அறைக்குப் போனார். மணி ஒலித்தது. திரை ஒளிர்ந்தபோதெல்லாம் மேடம் வழக்கம்போல் முன்னால் சாய்ந்து பார்த்தார். முடித்துவிட்டு வந்து பார்த்தால், துறைத்தலைவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. பத்துக்கு எட்டு.

"மேடம், எனக்குத் தெரிஞ்சுது," என்றார் மெதுவாக. "நிஜமாவே தெரிஞ்சுது. இங்க, பிடரியில."

"பிடரி இல்ல சார். பாதம்."

"பாதத்துல ஒண்ணுமே தெரியலையே. பிடரியிலதான்."

"எல்லாருக்கும் அப்படித்தான். கண்டுபிடிக்கறது பாதம், பேர் வாங்கறது பிடரி."

"இல்ல மேடம், உங்களுக்குப் புரியல." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இந்த மாதிரி உண்டு. எங்கம்மா வேலை முடிஞ்சு தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். போய்க் கதவைத் திறந்து வெச்சுடுவேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்க வெளியில சொல்லாதீங்க."

மேடம் அவரைப் பரிவோடு பார்த்தார். பிறகு சொன்னார்: "காலைத் தூக்கி மேலே வெச்சுக்கோங்க, சார்."

"அவசியமா?"

"அவசியம்."

துறைத்தலைவருக்கு மனசே இல்லை. ஒரு காலைத் தூக்கினார். மறு காலின் பெருவிரல் மட்டும் தரையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. "அதையும்," என்றார் மேடம். தூக்கினார். இந்த முறை பத்துக்கு நான்கு.

துறைத்தலைவர் நாற்காலியில் சம்மணமிட்டபடியே பிடரியைத் தடவிப் பார்த்தார்.

"இப்பவும் தோணிச்சு, மேடம். முன்னாடி மாதிரியேதான் தோணிச்சு."

"தோணும், சார்."

"இந்தப் பாளத்தை ரெண்டு அறைக்கும் நடுவுல ரெண்டா அறுத்துட்டா?"

"உங்க லேசருக்கு உதவாது."

"அதையா கேட்டேன்? உங்களுக்கு உதவுமான்னு கேட்டேன்."

"உதவும். இந்த ஓட்டை அடைபடும்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த ஓட்டையைத் தேடணும்."

"எல்லா ஓட்டையும் அடைச்சப்பறமும் ஏதாவது மிஞ்சிச்சுன்னா?"

"அதுக்குத்தானே சார் இத்தனை கூத்தும்."

துறைத்தலைவர் அளவு நாடாவை எடுத்தார். இரண்டு அறைகளுக்கும் நடுவே குனிந்து, அறுக்க வேண்டிய நீளத்தை அளந்தார். "என் மேசைக்கு வேற இடம் பார்த்துக்கறேன்," என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டு, காலுறையைக் கையில் பிடித்தபடி வெறும் ஷூவை மாட்டிக்கொண்டு படியேறிப் போனார்.

மேடத்தை அழைத்துப்போக வந்த பல் டாக்டர் படியில் அவருக்கு வழிவிட்டு இறங்கினார்.

"என்ன ஆச்சு? ஆள் ஒரு மாதிரிப் போறாரே?"

"அறுக்கச் சொல்லிட்டார்."

"பல்லையா?"

"தரையை." மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய்த் திரைக்கு முன்னாடி உட்காருங்களேன்."

"நானா? வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கத்தான் எனக்குத் தெரியும். எனக்கு இதுல நம்பிக்கையும் இல்லை."

"நம்ப வேண்டாம். பாருங்க, போதும். கணக்குல சேர்க்க மாட்டேன். சும்மாதான்."

சோதனை நாற்காலியில் மேடம் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை. யார் கேட்டாலும், "எனக்கு ஆசை இருக்கு. ஆசை இருக்கறவங்க அதுல உட்காரக்கூடாது," என்று தட்டிக்கழித்துவிடுவார். பல் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் அடங்கியது. மேடம் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

மணி ஒலித்தது. மேடம் கண்களை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டார்.